பதினாறு குழாய்களும் ஒரு லாகரும்

அன்புள்ள அண்ணா,

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம், அம்மாவும் உங்கள் பக்கத்தை வாசிக்கிறவர்.

போன மாதம் ரொறன்ரோவில் இருந்து மச்சான் வந்திருந்தான். அங்கே அவனுக்குச் சின்ன ஆலைகளில் காய்ச்சுகிற கிராஃப்ட் பியர்ப் பைத்தியம். கொழும்பிலும் அதெல்லாம் வந்துவிட்டது என்று காட்டும் வீம்பில், பலகையில் பதினாறு பியர் எழுதிப்போட்டிருந்த ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனேன். பெயர்களை வாசித்தாலே வாயூறும். முதலாவது ஐ.பி.ஏ.யை (கசப்பும் வாசனையும் தூக்கலான பியர் வகை) குடித்துவிட்டு அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதைப் பாதியில் வைத்துவிட்டான். பில் வந்தபோது நானும் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் எனக்கு அதற்கும் லயன் லாகருக்கும் விலையைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு கிராஃப்ட் பியர் பார், அல்லது அங்கேயே காய்ச்சி ஊற்றுகிற இடம், போகத் தகுந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெங்களூரில் நல்ல இடங்கள் இருக்கின்றன என்கிறார்கள். இங்கே ஏன் இல்லை? மனைவியும் வர விரும்புகிறார். மச்சான் மார்கழியில் திரும்பி வருகிறான். கடைகளின் பெயரையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒரு வாசகன்

—

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா வாசித்தால் வாசிக்கட்டும். கேட்டவரை விட்டுவிட்டுப் பதில் எழுதினவரைத்தான் ஏசுவார்.

கடைப் பெயர் சொல்ல மாட்டேன். 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரச் சட்டம் இங்கே மது விளம்பரத்தைத் தடை செய்கிறது. காசு வாங்காமல் புகழ்ந்தாலும் என் எழுத்து விளம்பரம் மாதிரித்தான் தெரியும். அதைவிட, கொழும்பில் ஒரு பாரின் தரம் பெயர்ப்பலகையில் தங்குவதில்லை. அக்கறையான மனேஜர் டுபாய்க்கு விமானம் ஏறினால் மறுமாதமே பியரின் ருசி மாறிவிடும். நான் இன்று எழுதும் பெயர் நீங்கள் மார்கழியில் போகும்போது பொய்யாகியிருக்கும்.

'பதினாறு பியர்' என்று நீங்கள் எழுதிய இடத்திலேயே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 30 லீற்றர் கெக் (பியர் பீப்பாய்) ஒன்றில், நுரையில் போவது போக, 55 அரை லீற்றர் கிளாஸ் ஊற்றலாம். ஒரு பார் சாதாரண நாளில் 40 கிளாஸ் ஊற்றுகிறது என்று வையுங்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் பலகையை ஏறெடுத்தும் பார்க்காமல் வழக்கமான வெளிர் பியரான லாகர்தான் கேட்பார்கள். மிச்சம் 20 கிளாஸ், 15 குழாய்க்கு. அதாவது உங்கள் மச்சான் கேட்ட ஐ.பி.ஏ. நாளொன்றுக்கு ஒரு கிளாஸ், மிஞ்சினால் இரண்டு. அந்தக் கெக் முடிய ஒன்றரை மாதம் பிடிக்கும். ஐ.பி.ஏ.யின் உயிர் ஹொப்ஸ் என்ற பூவின் வாசனையில் இருக்கிறது, முதலில் பறந்து போவதும் அதுதான். இறக்குமதிப் பியர் என்றால் அதற்கு முன்பே கப்பலில், துறைமுகத்தில், களஞ்சியத்தில் சூடு குடித்து வந்திருக்கும். 4 பாகையில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் வாசனை 30 பாகையில் வாரக்கணக்கில் போய்விடும். மிஞ்சுவது வெறும் கசப்பும், நனைந்த காட்போட் பெட்டி மாதிரி ஒரு மணமும். மச்சான் பாதியில் வைத்தது இதைத்தான். உங்களுக்கு வித்தியாசம் தெரியாததில் உங்கள் நாக்கின் பிழை ஒன்றுமில்லை.

யாழ்ப்பாணத்தில் கள்ளுத் தவறணைக்குப் போகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலையில் இறக்கிய கள்ளும் பொழுதுபட இருக்கிற கள்ளும் வேறு வேறு சாமான் என்று அவருக்குத் தெரியும். எத்தனை வகை இருக்கிறது என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. எந்த மரத்துக் கள்ளு, எப்போது இறக்கினது என்றுதான் கேட்பார்கள். பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடிக்கிறவருக்கு இருக்கும் இந்த விவரம், கண்ணாடிக் கிளாஸில் பல மடங்கு விலை கொடுத்துக் குடிக்கிற நமக்கு ஏன் இல்லாமல் போனது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே நான் ஒரு பாரை எடைபோடுவது அது எத்தனை பியர் வைத்திருக்கிறது என்பதைக் கொண்டல்ல, வைத்திருப்பதை எவ்வளவு வேகமாகத் தீர்க்கிறது என்பதைக் கொண்டுதான். நாலு குழாய் வைத்து நாலையும் வாரத்துக்கு வாரம் மாற்றுகிற இடம் பதினாறு குழாய் இடத்தைவிட எனக்கு மேல்.

முதலில் அங்கே இருக்கிற மிகச் சாதாரணமான லாகரைக் கேளுங்கள். மச்சான் முகம் சுளிப்பான், பரவாயில்லை. ஹொப்ஸை அள்ளிக் கொட்டின பியரிலும் கறுத்த ஸ்டவுட்டிலும் நூறு குறையை மறைக்கலாம். லாகரில் ஒளிய இடமில்லை. பட்டர் மணம் வந்தால் ஒன்றில் அவசரப்பட்டுக் காய்ச்சியிருக்கிறார்கள், அல்லது கெக்கில் இருந்து வருகிற பைப்பில் பாக்டீரியா குடியிருக்கிறது. வினாகிரிப் புளிப்பு வந்தால் குழாயே அழுக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பைப்புக்குள் காரக் கரைசல் விட்டுக் கழுவவேண்டும் என்பது அமெரிக்க பியர் காய்ச்சுவோர் சங்கத்தின் வழிகாட்டல். எங்கள் வெக்கைக்கு அதைவிட நெருக்கமாகக் கழுவினாலும் தகும். 'பைப் எப்ப கழுவினீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். நாள் சொன்னால் நல்ல இடம். 'எப்பவும் கழுவுறம் சேர்' என்றால் சோடா கேளுங்கள்.

கிளாஸையும் பாருங்கள். உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கோ சவர்க்காரமோ இருக்கிறது. சுத்தமான கிளாஸில் நீங்கள் குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகச் சுவரில் தங்கும். நுரை என்றதும் ஞாபகம் வருகிறது: 'நுரைக்கும் காசா?' என்று சண்டை பிடிக்கிற நம்மவர் பழக்கத்தை விடவேண்டும். இரண்டு விரல் உயர நுரையில்தான் வாசனை ஏறி வருகிறது. ஊற்றும்போது வெளியேறாத காற்று பிறகு வயிற்றில் வெளியேறும். ஃப்ரீசரில் வைத்துப் பனி பிடித்த கிளாஸ் பற்றி வெளிநாட்டு நிபுணர்கள் நிறையக் குறை சொல்வார்கள். சித்திரை மாத வெள்ளவத்தை வெக்கையில் லாகருக்கு அதை நான் மன்னித்துவிடுவேன். ஸ்டவுட்டை அப்படிக் கொண்டுவந்தால் மன்னிக்க மாட்டேன். அதன் கோப்பியும் சொக்லேட்டும் வாயில் தெரிய 10 பாகைக்கு மேலாவது வேண்டும்.

இனி, பலகையில் இல்லாத ஒரு வழி. கொழும்பு பார்களில் பரிமாறுகிற பிள்ளைகளில் பலர் ஹட்டன், பதுளைப் பக்கத்துத் தமிழர். மெனுவை மூடி வைத்துவிட்டுத் தமிழில் கேளுங்கள்: 'தம்பி, எது ஓடுது?' பெரும்பாலும் உண்மை வரும். 'அது வேணாம் சேர், தொறந்து ரொம்ப நாளாச்சு. இதுதான் நேத்து மாத்துனோம்.' இவ்வளவு போதும். அப்படிச் சொல்கிற சுதந்திரத்தை முதலாளி கொடுத்திருக்கிறார் என்றால், அதுவே அந்த இடத்துக்குத் திரும்பப் போவதற்கு ஒரு காரணம். கேட்காமலே சின்னக் கிளாஸில் ருசி பார்க்கத் தருகிற இடம் இன்னும் மேல். போகும்போது அந்தப் பிள்ளையின் கையில் தனியாக ஏதாவது கொடுங்கள். பில்லில் போடும் 10 வீத சேர்விஸ் சார்ஜ் எங்கே போகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும்.

அங்கேயே காய்ச்சி ஊற்றும் இடங்களைப் பற்றிக் கேட்டீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கிற செப்புப் பானையைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் ஒரு நாள் வேலைதான். பக்கத்தில் நிற்கிற நொதிக்க வைக்கும் தொட்டிகளை எண்ணுங்கள். ஐ.பி.ஏ. போன்ற ஏல் வகைக்கு ஒரு தொட்டி இரண்டு மூன்று வாரம் வேண்டும், ஒழுங்கான லாகருக்கு ஒரு மாதத்துக்கு மேல். நாலு தொட்டி வைத்துக்கொண்டு பன்னிரண்டு 'சொந்த' பியர் என்று எழுதியிருந்தால் எங்கேயோ கணக்கு இடிக்கிறது. ஒரே பியருக்கு மாம்பழ எசென்சும் கறுவாவும் கலந்து பெயர் மாற்றுவது இந்தத் தொழிலில் எளிதான வேலை.

இங்கே ஏன் இல்லை என்பதற்குக் காரணம் நிலத்திலேயே தொடங்குகிறது. லாகர் நொதிக்க ஏறத்தாழ 10 பாகைக் குளிர் வேண்டும், ஏலுக்கே 20 பாகைக்குள் வைத்திருப்பது நல்லது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் இலங்கையில் பியர் காய்ச்ச நுவரெலியாவுக்கு ஏறினது சும்மா இல்லை. கொழும்பில் காய்ச்சுகிறவர் இரவு பகலாகத் தொட்டியைக் குளிர்விக்க வேண்டும். 2022இல் 13 மணிநேரம் கரண்ட் நிறுத்தினதை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்கு ஏறியது. மோல்ட்டும் (முளைவிட்டு உலர்த்திய பார்லி) ஹொப்ஸும் கப்பலில்தான் வருகின்றன. இதற்கு மேல் மதுவரி, அதற்கு மேல் அனுமதிப்பத்திரத்துக்கு அலைச்சல். பெங்களூருக்கு ஓரளவு மிதமான காலநிலையும், மாலையில் செலவழிக்கக் கையில் காசுள்ள ஐ.டி. பிள்ளைகளும், சிறு ஆலைகளுக்கு உரிமம் கொடுத்த அரசும் ஒன்றாக அமைந்தன. அங்கே இந்திராநகரில் 2010இல் திறந்த, தானே காய்ச்சி ஊற்றுகிற 'டாய்ட்' இன்னும் நிறைந்து வழிகிறது. இங்கே சந்தை ஓரிரு பெரிய கம்பனிகளின் கையில். 2016 மே வெள்ளத்தில் லயன் கம்பனியின் பியகம ஆலை மூழ்கியபோது நாட்டில் பியருக்கே தட்டுப்பாடு வந்தது.

இன்னொரு காரணம் நாங்கள்தான். வைன் ஸ்டோர்ஸ் வரிசையில் நின்று பாருங்கள். அதிகம் கேட்பது 8.8 வீத மதுசாரமுள்ள ஸ்ட்ரோங் பியர். கொடுத்த காசுக்கு எவ்வளவு ஏறும் என்பதே கேள்வி. அந்தக் கேள்வியோடு வருகிறவருக்கு 4.5 வீதத்தில் வாழைப்பழமும் கராம்பும் மணக்கிற கோதுமை பியரை இரண்டு மடங்கு விலைக்கு விற்க முடியாது.

அதற்காகப் பெரிய ஆலை எல்லாம் மட்டம், சின்ன ஆலை எல்லாம் உசத்தி என்ற கட்சியில் நான் இல்லை. லயன் ஸ்டவுட்டை எடுங்கள். அதுவும் 8.8 வீதம்தான். பிரித்தானிய பியர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல, 2007இல் காலமானவர்) அதைத் தேடிப்பிடித்துப் புகழ்ந்து எழுதினபிறகு மேற்கு நாட்டு பியர்க்காரர்கள் அதைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். மச்சானுக்கும் ரொறன்ரோவில் கேள்விப்பட்ட பெயராக இருக்கலாம். நீங்களோ அவனை இறக்குமதி ஐ.பி.ஏ.க்குக் கூட்டிப் போயிருக்கிறீர்கள்! அடுத்த முறை முதலில் ஒரு ஸ்டவுட்டை வாங்கி, ஐஸ் பெட்டியில் இருந்து கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு, வட்டிலப்பத்தோடு கொடுங்கள். கித்துல் கருப்பட்டியும் கருகல் மோல்ட்டும் அப்படிச் சேரும்.

சாப்பாட்டைப் பற்றி இதோடு ஒரு வார்த்தை. பேர்கரும் பீட்சாவும் மட்டும் வைத்திருக்கிற பியர் இடம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை மறந்த இடம். ஹொட் பட்டர் கணவாயும் டெவல்ட் இறாலும் பியருக்கென்றே பிறந்த பைட்ஸ். ஆனால் டெவல்டோடு ஐ.பி.ஏ. வேண்டாம், கசப்பு மிளகாய் எரிவைக் கிளறிவிடும். லாகரோ கோதுமை பியரோ எடுங்கள். இதைத் தானாகச் சொல்கிற வெயிற்றர் கிடைத்தால் அந்தப் பாரின் பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

மனைவியைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்ற 1979ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டை 2018 தையில் நிதியமைச்சர் நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி அதைத் திரும்பக் கொண்டுவரச் செய்தார். ஆனாலும் ஹோட்டல்களிலும் இந்த மாதிரி பார்களிலும் பெண்கள் குடிப்பதை ஒருவரும் தடுப்பதில்லை. பார்க்கவேண்டியது வேறு: ஓடர் எடுக்கிறவர் அவரிடம் நேரே கேட்கிறாரா, உங்களிடம் கேட்கிறாரா? கழிவறை எப்படி? பக்கத்து மேசை திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா? இதில் தேறாத இடம் பியரில் தேறினாலும் எனக்கு வேண்டாம்.

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேர்விஸ் சார்ஜும் 18 வீத வற் வரியும் மேலே ஏறும் என்று முதலே கணக்குப் போடுங்கள். வெள்ளி இரவு கெக் வேகமாக ஓடும், ஆனால் பைலா பாண்ட் சத்தத்தில் மச்சானோடு பேச முடியாது. வியாழன் நல்லது. அவனுக்கு நாள் சொல்லுமுன் கலண்டரில் உந்துவப் போயாவை (மார்கழிப் பௌர்ணமி) பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒரு துளியும் கிடையாது.