சம்பளம் தள்ளிப்போகும்போது

வணக்கம் ஐயா,

என் தங்கை வேளச்சேரி பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில்லிங்கில் இருக்கிறாள். நாலைந்து ஊர்களில் கிளை உள்ள கம்பெனி. கொஞ்ச காலமாகச் சம்பளம் இருபதாம் தேதி, இருபத்தைந்தாம் தேதி என்று தள்ளித் தள்ளி வருகிறது. ரேக்கில் சரக்கும் குறைந்துவிட்டது. "புது முதலீட்டாளர் வர்றார், பொறுத்துக்குங்க" என்கிறாராம் மேனேஜர். அப்பாவோ, "சுபிக்‌ஷா கதையாத்தான் முடியும், விட்டுடு" என்கிறார். பெரிய கார்ப்பரேட் கடைகள் வந்ததால்தானே சுபிக்‌ஷா விழுந்தது? அவள் இருப்பதா, விடுவதா?

கே., மடிப்பாக்கம்

அன்புள்ள கே.,

அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். அவருக்கு அந்தக் கடைகள் நன்றாக ஞாபகம் இருக்கும்.

1997ல் திருவான்மியூரில் ஒரே மளிகைக் கடையாக ஆரம்பித்தது சுபிக்‌ஷா. ஏசி இல்லை, அலங்காரம் இல்லை. வாடகை குறைவான சின்ன இடம். ரொக்கம் கொடுத்து மொத்தமாகச் சரக்கெடுத்து, எம்.ஆர்.பி.யில் குறைத்து விற்றார்கள். மருந்துக்கும் தள்ளுபடி உண்டு. மாதாமாதம் சுகர் மாத்திரை வாங்குகிற வீட்டில் அது சின்ன உதவி இல்லை. சென்னை அந்தக் கடையை விரும்பியதில் நியாயம் இருந்தது.

போட்டியால் விழுந்தது என்று நான் நினைக்கவில்லை. தமிழ்நாட்டைத் தாண்டி வடக்கே வேகவேகமாகப் பரவி, 2008க்குள் 1,600க்கும் மேற்பட்ட கடைகள் வந்துவிட்டன. அந்த வேகத்துக்குப் பணம் பெரும்பாலும் கடனாக வந்தது. மளிகையில் கிடைப்பதோ சொற்ப லாபம். 2008 கடைசியில் உலக நிதி நெருக்கடி வந்து புதுக் கடன் வற்றியதும், சரக்கெடுக்க ரொக்கம் இல்லை. சரக்கில்லாத கடைக்கு யார் வருவார்கள்? 2009 தொடக்கத்தில் கடைகள் மூடிக் கிடந்தன. காவலுக்கு ஆள் அனுப்பிய ஏஜென்சிகள், பணம் வராததால் ஆட்களைத் திரும்ப எடுத்துக்கொண்டன; பல கடைகள் சூறையாடப்பட்டன.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் வங்கிக்கு எவ்வளவு பாக்கி, பங்குதாரருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போடுவார்கள். ஊழியரின் சம்பள பாக்கி அந்தக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை. எனக்கு அதில் ஆறாத வருத்தம் உண்டு. ஒரு மாதம் முழுக்க வேலை செய்துவிட்டு மாதக் கடைசியில் சம்பளத்துக்குக் காத்திருக்கும் ஊழியர், அந்த ஒரு மாதமும் முதலாளிக்குக் கடன் கொடுத்திருக்கிறார். வட்டி இல்லை, ஈடு இல்லை, பத்திரம் இல்லை. சம்பளம் இருபத்தைந்தாம் தேதிக்குப் போகும்போது அந்தக் கடன் பெருகுகிறது. உங்கள் தங்கை இப்போது அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இதை அவளிடம் இப்படியே சொல்லுங்கள்.

ஆபத்து முதலில் ரேக்கில்தான் தெரியும். மூடிப்போன வேறொரு கடையில் வேலை பார்த்த பெண் ஒருவர் என்னிடம் விவரித்திருக்கிறார். காலையில் வந்ததும் பின்வரிசைப் பாக்கெட்டை எல்லாம் முன்னுக்கு இழுத்து அடுக்கச் சொல்வார்களாம். பார்க்க நிறைந்திருக்கும், கையை விட்டால் பின்னால் வெறும் தகரம். அப்புறம் பருப்பு இருந்த இடம், எண்ணெய் இருந்த இடம் எல்லாவற்றிலும் ஒரே கம்பெனி நூடுல்ஸ். நாள் முழுக்க நின்றபடி இதை அடுக்கிக்கொண்டிருந்தவர் அவர். (கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டமே திருத்தினார்கள். உங்கள் தங்கையின் கவுண்டரில் ஸ்டூல் இருக்கிறதா?)

முதலீட்டாளர் விஷயத்துக்கு வருகிறேன். 2008ல் விப்ரோ அசீம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் சுபிக்‌ஷாவில் பத்து சதவீதப் பங்கை 230 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெரிய பெயர், பெரிய தொகை. ஆனால் அது ஏற்கெனவே முதலீடு செய்திருந்த ஐசிஐசிஐ வென்ச்சர் என்ற நிறுவனம் வைத்திருந்த பங்கு. பணம் விற்றவருக்குப் போனது, கடைக்குள் வரவில்லை. மேனேஜரிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: வருகிற பணம் கம்பெனிக்குள் வருகிறதா, பழைய பங்குதாரர் வெளியே போவதற்கா?

சுபிக்‌ஷா நிறுவனர் ஆர். சுப்பிரமணியனுக்கு 2023ல் சென்னை சிறப்பு நீதிமன்றம் 20 ஆண்டு சிறை விதித்தது. அது அவருடைய விஸ்வப்ரியா நிதி நிறுவனத்தில் பணம் போட்டவர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு. டெபாசிட்தாரர்களைக் காக்க 1997லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. உழைப்பைப் போட்டவர்களுக்கும் அப்படி ஒரு தனிச் சட்டமும் தனி நீதிமன்றமும் வேண்டும்.

சரி, இருப்பதா விடுவதா? இன்றே வேறு வேலை தேடச் சொல்லுங்கள். கிடைக்கும்வரை இருக்கட்டும், ஆனால் சும்மா இருக்கவேண்டாம். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், வருகைப் பதிவு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைக்கட்டும்; கடை மூடிய பிறகு எதுவும் கைக்கு வராது. முக்கியமாக, யு.ஏ.என். எண்ணை (பி.எஃப். கணக்குக்கான அடையாள எண்) ஆன்லைனில் போட்டு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கைப் பார்க்கட்டும். சம்பளத்தில் பிடித்த பணம் மாதாமாதம் ஏறியிருக்க வேண்டும். பணமுடை வந்தால் பல முதலாளிகள் முதலில் கை வைப்பது அதில்தான். பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது சட்டப்படி நம்பிக்கை மோசடிக் குற்றம், பி.எஃப். அலுவலகத்துக்கு ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். கூட வேலை பார்க்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு கொடுத்தால் நல்லது, தனியாளாக நிற்கிறவரை மிரட்டுவது சுலபம்.

பாஸ்புக்கில் கடைசியாகப் பணம் ஏறியது எந்த மாதம் என்று பார்த்து எழுதுங்கள். அதை வைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவோம்.