எந்த வரிசையில் உட்காருவது?

வாசகர் கேள்வி – பதில்

ஓய்வு நேரத்தில் பக்கத்தில் நடைபெறும் கச்சேரி, நாடகம், திரைப்படம் ஆகியவற்றுக்குச் சென்று வருவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: உலகின் எந்தப் பாடகரின் குரலும் கைப்பேசியில் கிடைக்கிறது. அலுத்துச் சலித்து வீடு திரும்பிய பிறகு, அதிகம் அறியப்படாத ஒருவர் பாடுவதைக் கேட்க மறுபடியும் ஏன் கிளம்ப வேண்டும்?

பதில்: பதிவில் நாம் கேட்பது பல முறை பாடி, அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்து, பிசிறு நீக்கி, மெருகேற்றித் தரப்பட்ட குரல், அதை எத்தனை முறை கேட்டாலும் அதே இடத்தில் அதே மூச்சுதான் வரும். மேடையிலோ, அடுத்த நொடி என்ன நிகழும் என்பது பாடுகிறவருக்கே முழுமையாகத் தெரியாது. சிற்றரங்கில் நான்காவது வரிசையில் இருப்பவருக்கு, உச்ச ஸ்தாயிக்கு ஏறுமுன் பாடகரின் தோள் சற்றே உயர்வதும், அவர் பக்கவாத்தியக்காரரை ஓரக்கண்ணால் பார்த்த மறுகணம் தாளத்தின் போக்கு மாறுவதும் கண்ணெதிரே தெரியும். புகழ்பெற்றவர் ஒரு பெரிய மைதானத்தில் பாடினால், கடைசியில் அவரை நாம் ஒரு திரையில்தான் பார்த்துவிட்டு வருகிறோம். ஆகையால் தொலைவில் நடக்கும் பெரிய நிகழ்ச்சி ஒன்றைவிட, நடந்தே போய்வரக்கூடிய சிறிய நிகழ்ச்சிகள் நான்கு மேலானவை என்பது என் கருத்து.

உடல்நலத்தையும் சிலர் காரணமாகச் சொல்வதுண்டு. 2019இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, இங்கிலாந்தில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ள 6,700க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 14 ஆண்டுத் தகவல்களை ஆராய்ந்தது. சில மாதங்களுக்கு ஒரு முறையாவது கச்சேரி, நாடகம், கலைக்கூடம் போன்றவற்றுக்குச் சென்றவர்களுக்கு, அறவே செல்லாதவர்களைவிட அக்காலத்தில் இறக்கும் அபாயம் 31 விழுக்காடு குறைவாக இருந்தது. நல்ல உடல்நிலையும் வசதியும் உள்ளவர்களே அதிகம் வெளியே செல்கிறார்கள் என்ற ஐயத்தை ஆய்வாளர்களும் கருதிப் பார்த்துக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்; ஆயினும் இத்தகைய ஆய்வைக் கொண்டு இதனால்தான் அது என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. தவிரவும், ஆயுளைக் கூட்டிக்கொள்வதற்காக மட்டுமே நாடகத்துக்கு வருகிறவர் என் பக்கத்து இருக்கையில் அமர்வதை நான் அவ்வளவாக விரும்ப மாட்டேன்.

கேள்வி: நுழைவுச்சீட்டு பதிவு செய்யும்போது எந்த இருக்கையைத் தேர்வது என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன். முன்வரிசைதான் சிறந்தது என்பது உண்மையா?

பதில்: இதற்கு எல்லா நிகழ்ச்சிகளுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. திரைப்படத்துக்கு, திரையிலிருந்து அரங்கின் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நட்டநடுவில் உள்ள இருக்கையைத் தேடுங்கள். ஒலியமைப்பைச் சரிபார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியை மனத்தில் கொண்டே வேலை செய்கிறார்கள். திரையின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு தொலைவில் அமர்ந்தால், திரை நம் பார்வையில் ஏறக்குறைய 37 பாகை அகலத்துக்கு விரியும். அதற்கு மேலும் பின்னால் போகப் போக, வீட்டுத் தொலைக்காட்சியைப் பார்ப்பதற்கும் அதற்கும் உள்ள வேறுபாடு குறைந்துகொண்டே வரும். முதல் வரிசையில் அமர்ந்தால் என்ன ஆகும் என்பதை மறுநாள் கழுத்து சொல்லும்.

நாடகத்துக்கு முகபாவம் முக்கியம் என்பதால் முன் மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. ஆனால் மேடை உயரமாக இருந்தால் முதல் வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். நடனத்துக்குச் சற்றுப் பின்னால், இயன்றால் உயரத்தில் அமர வேண்டும். கீழிருந்து பார்ப்பவருக்குக் கால்களே சரியாகத் தெரியாதபோது, பலர் சேர்ந்து ஆடும்போது மேடைத் தரையில் உருவாகிக் கலையும் வடிவங்கள் எங்கே தெரியப்போகின்றன?

இசைக்கு வரும்போது, மைக் உண்டா இல்லையா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மைக் வைத்துப் பாடும் நிகழ்ச்சியில், பார்வையாளர்களுக்கு நடுவே விசைகள் நிறைந்த பலகையுடன் ஒலிப்பொறியாளர் ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் தம் காதுக்கு எது நன்றாகக் கேட்கிறதோ அதற்கேற்பவே எல்லாவற்றையும் கூட்டுகிறார், குறைக்கிறார். எனவே அவருக்கு அருகில் கிடைக்கும் இடம், மேடைக்கு ஒட்டிய இடத்தைவிடப் பெரும்பாலும் மேலானது. மைக் இல்லாத கச்சேரியில் அரங்கமே ஒரு வாத்தியமாகிவிடுகிறது. பெரிய வாத்தியக் குழுவுக்குரிய அரங்கில், ஓர் ஒலி எழுந்து அடங்க ஏறத்தாழ இரண்டு நொடி ஆவது நல்லது. பேச்சுக்கு அது ஒரு நொடிக்குள் இருந்தால்தான் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தெளிவாகக் கேட்கும். அதனால்தான் சொற்பொழிவுக்கென்று கட்டிய மண்டபத்தில் நல்ல இசையும் வறண்டு கேட்கிறது. ஒலி அடங்கும் நேரத்தைக் கணக்கிடும் முறையைக் கண்டறிந்தவர் வாலஸ் சபின் என்ற இயற்பியலாளர். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அவருடைய ஆலோசனையுடன் கட்டப்பட்டது. மாடத்துக்கு அடியில் வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் இருக்கைகளில் ஒலி மங்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்ற வாரம் ஒரு இன்னிசை நிகழ்ச்சிக்குப் போய்வந்த பிறகு, இரவு முழுவதும் காதில் ‘ஙொய்’ என்ற இரைச்சல் இருந்தது. மறுநாள் சரியாகிவிட்டது. பயப்பட வேண்டுமா?

பதில்: பதற வேண்டாம், ஆனால் இதை அலட்சியம் செய்யவும் கூடாது. உள்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 16,000 மட்டுமே உள்ளன. மனிதருக்கு அவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. இரைச்சல் அடங்கிவிட்டது என்பதால் சேதமே நேரவில்லை என்று கொள்ள முடியாது. பணியிட இரைச்சலுக்காக அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் அளவுகளின்படி, 85 டெசிபெல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம். அதன் பிறகு ஒலி ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்குக் கால் மணி நேரமே மிஞ்சும். இசை நிகழ்ச்சிகளின் சராசரி ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த உச்ச அளவிலேயே இரண்டு மணி நேரம் இருப்பதும் காதுக்கு நல்லதல்ல என்பது விளங்கும்.

திறந்த வெளியில் ஸ்பீக்கரிலிருந்து 5 மீட்டர் தொலைவில் நிற்பவர் 10 மீட்டருக்கு நகர்ந்தால், ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். மூடிய அரங்கில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. காதில் பஞ்சு வைத்துக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. நுரையால் ஆன சாதாரண இயர் பிளக் நன்றாகவே காக்கும். ஆனால் மேல் ஸ்வரங்களை அதிகமாக அடைத்து இசையை மந்தமாக்கிவிடும். இசைக் கலைஞர்களுக்கென்றே செய்யப்படும் வகையோ எல்லா ஸ்வரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிப்பதால், பாட்டு கெடாமல் சத்தம் மட்டும் குறையும். இடையிடையே வெளியே வந்து பத்து நிமிடம் காதுக்கு ஓய்வு கொடுங்கள். இரைச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானாலோ, காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கேள்வி: எனக்கு இசை இலக்கணம் தெரியாது. தவறான இடத்தில் கைதட்டிவிடுவேனோ என்ற கூச்சத்தாலேயே கச்சேரிகளுக்குப் போவதில்லை.

பதில்: எங்கே தட்டலாம் என்பது காலத்துக்குக் காலம் மாறிவந்த வழக்கம். 1778இல் பாரிசில் தமது சிம்பொனி அரங்கேறியபோது, ரசிகர்கள் ஒரு பகுதியின் நடுவிலேயே கைதட்டியதை இசையமைப்பாளர் மோட்சார்ட் தம் தந்தைக்கு மகிழ்ச்சியுடன் எழுதினார். இன்று அத்தகைய கச்சேரிகளில் அப்படித் தட்டினால் பலரும் திரும்பிப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால், மற்றவர்கள் தட்டும் வரை இரண்டு நொடி பொறுங்கள். இலக்கணத்தை முதலில் கற்றுக்கொண்டு பிறகு கேட்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். ஒரு நிகழ்ச்சியில் ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் தொடக்கம் முதல் பின்தொடர்ந்து கேளுங்கள். எப்போது அது பாட்டைத் தாங்குகிறது, எப்போது ஒதுங்கி வழிவிடுகிறது என்று கவனித்தால், பெயர் தெரியாமலே பல நுட்பங்கள் பிடிபட்டுவிடும்.

கேள்வி: என் கணவருக்கு இவற்றில் ஈடுபாடு இல்லை. தனியாகப் போனால் மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களா?

பதில்: விளக்கு அணைந்தபின் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. தாராளமாகப் போய்வாருங்கள்.

கேள்வி: நிகழ்ச்சியை நினைவாக வைத்துக்கொள்ளக் கைப்பேசியில் படம்பிடிக்கிறேன். என் மகள் அதைக் கேலி செய்கிறாள்.

பதில்: தங்கள் மகளின் பக்கம் ஓரளவு நியாயம் இருக்கிறது. உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் ஒரு பொருளை முழுமையாகப் படம் எடுத்தவர்களைவிட, படம் எடுக்காமல் பார்த்தவர்களுக்கே அது நன்றாக நினைவில் நின்றது. ஒரு சிறு பகுதியை மட்டும் நெருங்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த மறதி ஏற்படவில்லை. கச்சேரிக்கும் இது அப்படியே பொருந்தும் என்று உறுதி கூற முடியாவிட்டாலும், அனுமதி உள்ள இடத்தில் ஒரு பாட்டின் தொடக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுவது நல்ல ஏற்பாடாக இருக்கும். பின்னால் இருப்பவருக்கும் மேடை தெரிய வேண்டுமல்லவா?

கேள்வி: என் தந்தை நாடகப் பிரியர். காது கேட்கும் கருவி அணியத் தொடங்கிய பிறகு, அரங்கில் வசனம் எதுவும் புரிவதில்லை என்று வர மறுக்கிறார்.

பதில்: கருவி அவருக்கு நடிகரின் குரலையும், பக்கத்தில் இருப்பவரின் இருமலையும், சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியையும் ஒன்றாகவே பெரிதாக்கித் தருவதால் ஏற்படும் சிக்கல் இது. சில அரங்குகளில் தரையைச் சுற்றிக் கம்பி வளையம் பதித்திருப்பார்கள்; மைக்கில் பிடித்த குரல் அந்த வளையத்தில் காந்தப்புலமாக மாற, கருவிக்குள் உள்ள டெலிகாயில் என்ற சிறு சுருள் அதை நேரடியாக வாங்கிக்கொள்கிறது. இடையில் உள்ள இரைச்சல் பெருமளவு ஒதுங்கிவிடும். காது வடிவத்துடன் ஆங்கில ‘டி’ எழுத்து சேர்ந்த சின்னம் வாசலில் இருந்தால் அங்கே இந்த வசதி உண்டு என்று பொருள். எல்லாக் கருவிகளிலும் இந்தச் சுருள் இருப்பதில்லை. இருந்தாலும் அதை இயக்கி வைக்காமல் விட்டிருக்கலாம். கருவி பொருத்தியவரிடம் இதைக் கேட்டுச் சரிசெய்துகொண்டு, எந்த வரிசைகள் வளையத்துக்குள் வருகின்றன என்று அரங்கத்தாரிடம் விசாரித்த பிறகு இருக்கையைப் பதிவு செய்யுங்கள். வளையம் இல்லாத அரங்கானால், நடிகர்களின் உதட்டசைவு தெரியும் இரண்டாம் அல்லது மூன்றாம் வரிசையில் அவரை அமர்த்தி, நாடகக் கதையை வீட்டிலேயே சுருக்கமாகச் சொல்லி அழைத்துச் செல்லலாம்.