இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் ஏன் ஒருவரையொருவர் பயங்கரவாதி என்கிறார்கள்?

2025 ஒக்டோபர் 5, கொழும்பு பிரேமதாச மைதானம். மகளிர் உலகக் கிண்ணப் போட்டி முடிந்தும் இந்திய, பாகிஸ்தான் அணியினர் கைகொடுக்கவில்லை. வெள்ளவத்தையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த என் மகள் "ஏன் அம்மா?" என்று கேட்டாள்.

அந்த ஏப்ரலில் இந்தியக் காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பாகிஸ்தான்தான் பின்னணி என்றது இந்தியா, பாகிஸ்தான் மறுத்தது. மே மாதம் நான்கு நாள் சண்டை. ஆனால் கோபம் பழையது. 2008 மும்பைத் தாக்குதலில் 166 பேர் இறந்தார்கள். தாக்கியவர்களில் உயிரோடு பிடிபட்ட கசாப் பாகிஸ்தானியர். சதியின் ஒரு பகுதி தங்கள் மண்ணில் நடந்ததைப் பாகிஸ்தானே 2009இல் ஒப்புக்கொண்டது. அப்புறமும் அங்கே வழக்கு இழுபட்டது. இந்தியர்களுக்கு அது ஆறாத புண்.

பாகிஸ்தானியர்கள் 2007இல் இரு நாடுகளுக்கும் இடையே ஓடிய சம்ஜௌதா ரயிலில் நடந்த குண்டுவெடிப்பைச் சொல்வார்கள். இறந்த 68 பேரில் பெரும்பாலானோர் அவர்கள் நாட்டவர். 2019இல் இந்திய நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரையும் விடுவித்தது. தங்கள் நாட்டின் பெஷாவர் பள்ளியில் 2014இல் பயங்கரவாதத் தாக்குதலில் 130க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களைப் பயங்கரவாதி என்றால் கொதிக்கத்தானே செய்வார்கள்?

அரசின் பிழையை ஆட்கள் எல்லோர் தலையிலும் கட்டுவது அநியாயம். யுத்த காலத்தில் கொழும்பில் குண்டு வெடித்த அன்று, பஸ்ஸில் நாங்கள் தமிழில் பேசாமல், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி இருந்ததை மகளுக்குச் சொன்னேன்.