ஃபெடெக்ஸ் அம்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். ஒரு லோகோவுக்கு அரை நாள் எடுத்தாலே முதலாளி முகம் மாறிவிடுகிறது. ஃபெடெக்ஸ் லோகோவுக்குள் ஓர் அம்பு இருப்பதைப் போன வாரம் நண்பர் காட்டினார். அதை யோசித்து வரைந்தார்களா, தானாக அமைந்ததா?

செல்வம், சிவகாசி

அன்புள்ள செல்வம்,

தானாகத்தான் கண்ணில் பட்டது. ஆனால் கண்ணில் பட்டபோது அது அம்பாக இல்லை.

1994 வரை அந்தக் கூரியர் கம்பெனி தன் விமானங்களில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் என்று முழுப்பெயரையே எழுதிவந்தது. வாடிக்கையாளர்கள் அதற்கு வெகுநாள் முன்பே ஃபெடெக்ஸ் என்று சுருக்கிவிட்டார்கள். அந்தச் சுருக்கத்தையே பெயராக்கினால் எழுத்தையும் பெரிதாகப் போடலாம். லோகோ வரையும் வேலை லேண்டர் என்ற டிசைன் நிறுவனத்துக்குப் போனது. அங்கே டிசைனர் லிண்டன் லீடரும் குழுவினரும் நூற்றுக்கணக்கான மாதிரிகள் போட்டார்கள்.

யூனிவர்ஸ், ஃப்யூச்சரா என்ற இரண்டு ஃபான்ட்டுகளை வைத்துக்கொண்டு லீடர் எழுத்துகளை நெருக்கி நெருக்கிப் பார்த்திருக்கிறார். அப்போதுதான் கேப்பிட்டல் இ-க்கும் ஸ்மால் எக்ஸுக்கும் நடுவிலிருந்த வெள்ளை இடம் அம்பு போலத் தெரிந்தது. போல, அவ்வளவுதான்.

நீங்களே கம்ப்யூட்டரில் தட்டிப் பாருங்கள். இ-யின் நடுக்கோட்டுக்கும் அடிக்கோட்டுக்கும் இடையிலுள்ள சந்துதான் அம்பின் தண்டு. எக்ஸின் இடப்பக்கப் பள்ளம் அம்பின் முனை. எக்ஸின் இடுப்பு அந்தச் சந்துக்கு நேராக வந்தாக வேண்டும். எக்ஸ் கொஞ்சம் குள்ளமானால் முனை கீழே இறங்கிவிடும், தண்டு மேலே தனியாக நிற்கும். அம்புக்காக எழுத்தை இழுத்தாலோ எழுத்து கோணிப்போகும். அதனால் இரண்டு ஃபான்ட்டுகளின் குணத்தையும் கலந்து, சின்ன எழுத்தின் உயரத்தைக் கூட்டி, எழுத்துகளைப் புதிதாகவே வரைந்தார். எழுத்தும் கெடவில்லை, அம்பும் நேராக நிற்கிறது. எனக்கு இந்த இடம்தான் பெரிய அதிசயம்.

அப்புறம் அவர் செய்தது அதைவிடப் பிடிக்கும். கம்பெனிக்காரர்களிடம் லோகோவைக் காட்டும்போது அம்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. நிறுவனர் ஃபிரெட் ஸ்மித் தானே கண்டுபிடித்தார். விளம்பரக்காரர்கள் அம்புக்கு வேறு நிறம் பூசி எல்லோருக்கும் தெரியும்படி செய்யலாம் என்று கேட்டபோது லேண்டர் தரப்பு மறுத்துவிட்டது. பூசியிருந்தால் உங்கள் நண்பர் உங்களுக்குக் காட்ட ஒன்றும் இருந்திருக்காது.

அரை நாள் கேட்கிறீர்களே, தயங்காமல் கேளுங்கள். ஸ்க்ரீனில் மட்டும் பார்க்காதீர்கள். பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, தலைகீழாகவும் பாருங்கள். மையை விட்டுவிட்டு வெள்ளையை மட்டும் பாருங்கள். தமிழில் ‘ட’வுக்குள்ளும் ‘ப’வுக்குள்ளும் எவ்வளவு வெள்ளை கிடக்கிறது!

அரபியில் அதே லோகோவைத் தேடிப் பாருங்கள். எழுத்து வலமிருந்து இடமாகப் போவதால் அம்பும் இடப்பக்கம் திரும்பியிருக்கும். நீங்கள் செய்த லோகோ ஒன்றையும் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.