எச்சிலைத் துப்பி அனுப்பினால் ஹார்மோன் தெரியுமா?

(இந்த வாரம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.)

கேள்வி: வயது 36, இரண்டு பிள்ளைகள். காலையில் எழவே முடியவில்லை, முடி கொட்டுகிறது, எடை ஏறிக்கொண்டே போகிறது. போனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். வீட்டுக்கே குழாய் அனுப்புவார்களாம், எச்சிலைத் துப்பித் திருப்பி அனுப்பினால் தைராய்டு உட்பட எல்லா ஹார்மோனையும் சொல்லிவிடுவார்களாம். ஊசி என்றாலே எனக்கு மயக்கம் வரும். வாங்கலாமா டாக்டரம்மா?
– பெயர் வேண்டாம், பாலக்கோடு

பதில்: வாங்காதீர்கள் அம்மா. நீங்கள் சொல்லும் தொந்தரவுகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது தைராய்டும் ரத்தசோகையும். எச்சிலில் பார்க்க முடியாததும் அந்த இரண்டும்தான். தைராய்டுக்கு நாம் பார்க்கும் டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விடுகிற பெரிய புரதம், அது ரத்தத்திலிருந்து எச்சிலுக்கு நம்பி அளக்கிற மாதிரி வந்து சேராது. அதனால் எச்சிலை வைத்துத் தைராய்டு சொல்கிறோம் என்று எழுதியிருந்தால் அந்த விளம்பரத்தை அங்கேயே மூடிவிடலாம்.

அதற்காக எச்சில் பரிசோதனையே பொய் என்று நினைத்துவிடாதீர்கள், அதன் அடிப்படை நல்ல விஞ்ஞானம். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி விடுகிற கார்டிசால் என்ற ஹார்மோன், பாலின ஹார்மோன்களான டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் எல்லாம் கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறுகள். ரத்தத்தில் இவற்றில் பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், கார்டிசாலில் 90 சதவீதத்துக்கும் மேல் அப்படித்தான். ஒட்டாமல் தனியாக இருக்கிற கொஞ்சம்தான் உடலில் வேலை செய்யும், எச்சில் சுரப்பியின் செல்களைத் தாண்டி வாய்க்குள் வருவதும் அந்தக் கொஞ்சம்தான். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்ணுக்கு ஒட்டும் புரதம் கூடிவிடும், ரத்தத்தில் மொத்த கார்டிசால் உயர்ந்து காட்டும், எச்சிலில் அந்தக் குழப்பம் பெரிதாக வராது. அதெல்லாம் உண்மையான லாபம்.

ஆனால் வாய்க்குள் வருகிற அளவு மிகச் சொற்பம். ஈஸ்ட்ரோஜன் எல்லாம் ஒரு மில்லி எச்சிலில் ஒரு கிராமின் லட்சம் கோடியில் சில பங்கு என்ற கணக்கில் இருக்கும், சாதாரண லேப் முறையில் அதைத் துல்லியமாகப் பிடிப்பது கஷ்டம். பல் தேய்க்கும்போது ஈறில் கசிந்த ரத்தம் கலந்தாலே டெஸ்டோஸ்டிரோன் மாறிக் காட்டும். இந்த மாதிரி கிட் விற்கிறவர்கள் பலர் கடைசியில் 'அட்ரீனல் சோர்வு' என்று ஒரு பெயர் வைத்து அதற்கு மருந்தும் சேர்த்து விற்கிறார்கள். அப்படி ஒரு நோயை ஹார்மோன் மருத்துவர்களின் சங்கங்கள் ஏற்கவில்லை. சோர்ந்துபோன பெண்களைக் குறிவைத்து இப்படிச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ஒரே முறை எடுக்கும் ரத்தத்தில் ஹீமோகுளோபின், டி.எஸ்.எச்., சர்க்கரை மூன்றையும் கேளுங்கள். ஊசிக்கு முன்பே மயக்கம் வரும் என்று சொல்லிவிட்டால் படுக்க வைத்து எடுப்பார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ஓசூரில் கம்பெனி வேலை, வாராவாரம் ஷிப்ட் மாறும். ஒரு வருடமாக முகம் உருண்டையாகிவிட்டது, வயிறு பெருத்து கை கால் மெலிந்துவிட்டன, 31 வயதிலேயே பி.பி. வேறு. டாக்டர் நடுராத்திரி எச்சில் எடுக்கச் சொல்கிறார். இது என்ன பரிசோதனை, நம்பலாமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: நம்பலாம் தம்பி. எச்சில் பரிசோதனை உண்மையிலேயே ஜெயித்த இடம் இதுதான். உங்கள் டாக்டர் சந்தேகப்படுவது குஷிங் நோயாக இருக்கும், அதாவது உடலில் கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரப்பது. நல்ல உடம்பில் கார்டிசால் விடிகாலையில் ஏறி, எழுந்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போய், பகல் முழுக்க இறங்கி, நடுராத்திரியில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். குஷிங் நோயில் அந்த ராத்திரி இறக்கம் நடக்காது. அதைப் பிடிக்க நடுராத்திரியில் ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், ஊசி குத்தும் பதற்றத்திலேயே கார்டிசால் ஏறியும்விடும். எச்சில் என்றால் வீட்டிலேயே எடுக்கலாம். அமெரிக்காவின் ஹார்மோன் மருத்துவர் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 2008-லேயே இதை முதல்கட்டப் பரிசோதனைகளில் ஒன்றாக ஏற்று, குறைந்தது இரண்டு முறை எடுக்கச் சொல்லியிருக்கிறது.

ஒரே சிக்கல் உங்கள் ஷிப்ட். ராத்திரி முழித்துப் பகலில் தூங்குகிறவருக்கு இந்த ஏற்ற இறக்கமே இடம் மாறிவிடும், அப்போது ராத்திரி 12 மணி அளவு கூடுதலாக வந்தால் அது நோயா ஷிப்டா என்று யாராலும் சொல்ல முடியாது. ஷிப்ட் விஷயத்தை டாக்டரிடம் சொன்னீர்களா? இல்லையென்றால் இன்றே சொல்லுங்கள். உங்களுக்கு அதைவிட டெக்ஸாமெதசோன் சோதனை பொருத்தமாக இருக்கலாம். அது ஒரு ஸ்டீராய்டு மாத்திரை, நல்ல உடம்பில் கார்டிசால் சுரப்பதை அடக்கிவிடும், குஷிங் நோயில் சரியாக அடங்காது. ராத்திரி 11 மணிக்கு மேல் 1 மில்லிகிராம் மாத்திரை, மறுநாள் காலை 8 மணி சுமாருக்கு ரத்தம், அவ்வளவுதான். இல்லாவிட்டால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பார்ப்பதும் உண்டு.

அப்படியும் எச்சில்தான் என்று அவர் முடிவு செய்தால், ராத்திரி 11 முதல் 12-க்குள், சாப்பிட்டு, பல் தேய்த்து நேரம் ஆன பிறகு, சண்டை சச்சரவு, செல்போன் பரபரப்பு எதுவும் இல்லாமல் அமைதியாக இருந்துவிட்டு எடுங்கள். லேப் கொடுக்கும் பஞ்சை அவர்கள் சொன்ன நேரம் வாயில் வைத்து நேராகக் குழாயிலேயே துப்புங்கள். கையில் படை, சொறிக்குத் தடவும் ஸ்டீராய்டு க்ரீம் ஒட்டியிருந்து அது பஞ்சில் பட்டாலே அளவு எகிறிவிடும். பீடி, சிகரெட், புகையிலை கூடாது. தொண்டைக்கு அதிமதுரம் வாயில் அடக்குகிற பழக்கம் நம் பக்கம் நிறைய பேருக்கு உண்டு, அதையும் சில நாள் முன்பே நிறுத்துங்கள், ஏனென்றால் எச்சில் சுரப்பியில் கார்டிசாலை மாற்றிப்போடும் நொதியை அது தடுத்துவிடும். குழாயில் தேதியும் நேரமும் கட்டாயம் எழுதுங்கள், நேரம் இல்லாத கார்டிசால் ரிப்போர்ட்டை வைத்து எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: வயது 48. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, ராத்திரியில் வேர்த்துக் கொட்டுகிறது. எச்சிலில் ஈஸ்ட்ரோஜன் பார்க்கச் சொல்லி என் தங்கை பெங்களூரிலிருந்து வற்புறுத்துகிறாள்.
– அரூர்

பதில்: தேவையில்லை அக்கா. 45 வயதைத் தாண்டி இந்த அறிகுறிகள் இருந்தால் மாதவிலக்கு நிற்கும் காலம் என்று சொல்ல ரத்தமோ எச்சிலோ எந்த ஹார்மோன் பரிசோதனையும் வேண்டாம், அந்தக் கட்டத்தில் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். 12 மாதம் தொடர்ந்து வராவிட்டால் நின்றுவிட்டது என்று கணக்கு. நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டாலோ, இப்போதே அளவுக்கு மீறிப் போனாலோ உடனே பெண் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் மாமியார் மூட்டுவலிக்குப் பக்கத்து ஊரில் ஒருவர் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரையை ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறார். வலி போய்விட்டது, ஆனால் முகம் வீங்கிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டு எச்சில் டெஸ்ட் எடுக்கலாமா?
– காவேரிப்பட்டணம்

பதில்: நிறுத்தாதீர்கள்! இதை மட்டும் இன்றே படித்துக் காட்டுங்கள். பெயர் இல்லாத மாத்திரையில் வலி சட்டென்று போய் முகம் வீங்கினால் அது கார்டிசால் மாதிரியே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். நாள்கணக்கில் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால் அவருடைய அட்ரீனல் சுரப்பி தன் வேலையையே நிறுத்தியிருக்கும், திடீரென்று மாத்திரையை விட்டால் வாந்தி, பி.பி. இறங்கி மயக்கம், உயிருக்கே ஆபத்து. எச்சில் பரிசோதனையும் இங்கே ஏமாற்றும். உள்ளே இருப்பது ப்ரெட்னிசோலோன் என்றால் பல லேப்களின் முறை அதையும் கார்டிசால் என்றே எண்ணிக் கூடுதலாகக் காட்டும், டெக்ஸாமெதசோன் என்றால் தரைமட்டமாகக் காட்டும்.

மிச்சமிருக்கும் மாத்திரையைக் காகிதத்தோடு எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரை அழைத்துப் போங்கள், எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று எழுதியும் கொண்டு போங்கள். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது, எப்போது காலை 8 மணி ரத்தத்தில் கார்டிசால் பார்ப்பது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அதுவரை காய்ச்சலோ வாந்தியோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-க்குப் போன் செய்து, ஸ்டீராய்டு சாப்பிடுகிறவராக இருக்கலாம் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.