கேலஹர் பழிவாங்கப் போனாரா?

வணக்கம். ரக்பி வீரர் டேவ் கேலஹர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். தம்பி முதல் உலகப் போரில் செத்த சேதி கேட்டுப் பழிவாங்கத்தான் நாற்பது வயதுக்கு மேல் பட்டாளத்தில் சேர்ந்தார் என்று வேறோர் இடத்தில் படித்திருக்கிறேன். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? இறக்கும்போது வயது 43 என்கிறீர்கள். கல்லறைப் படத்தில் 41 என்று இருக்கிறதே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கல்லறையில் இருப்பது பிழை. கேலஹர் அயர்லாந்தின் ரமெல்டனில் 1873 அக்டோபர் 30 அன்று பிறந்தார். 1901இல், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் பெயர் கொடுத்தபோது வயதில் மூன்றைக் குறைத்துச் சொன்னார். அதன்பின் சாகும்வரை அந்தப் பொய் வயதே அவரோடு ஒட்டிக்கொண்டது. இறந்த அன்று, 44 நிறைய இன்னும் 26 நாள் இருந்தது; குறைத்துச் சொன்ன கணக்கில் 41ஆம் வயது நடந்துகொண்டிருந்தது.

பழிவாங்கும் கதையைத் தெரிந்தேதான் விட்டேன். தம்பி டக்ளஸ் பிரான்சில் கொல்லப்பட்டது 1916 ஜூன் 3. அண்ணன் பெயர் கொடுத்தது அதற்கு முந்தைய மே மாதம். வீட்டிலேயே இருந்திருக்கலாம், தானாகத்தான் முன்வந்தார். மனைவி நெல்லியும் சின்னப் பெண் நோராவும் வேறு இருந்தார்கள்.

அப்புறம் ஏன் போனார்? நியூசிலாந்தின் கேட்டிகேட்டியில் அவர் குடும்பத்துக்குக் கிடைத்த நிலம் உருப்படியாக விளையவில்லை. ஆசிரியையான அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. அம்மாவும் நோயில் விழ, கேலஹர் 13 வயதில் பள்ளியை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். சுமை என்று வந்தால் தோள் கொடுத்தே வளர்ந்த பிள்ளை. எனக்கு அதுதான் காரணமாகப் படுகிறது.

மனதில் வன்மம் வைப்பவராகவும் அவர் தெரியவில்லை. 1905இல் நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் முதல் அணிக்குத் தலைவராக பிரிட்டன் போனார். இரு அணி முன்வரிசையும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரமுக்குள் பந்தைப் போட்டுவிட்டு, அதன் பக்கவாட்டிலேயே நின்று, பின்னால் பந்தை எடுக்க வரும் எதிரணி ஹாஃப்பேக்கை மறிப்பார். ஏமாற்றுக்காரன் என்று பத்திரிகைகள் திட்டின, கூட்டம் கூச்சலிட்டது. இவரோ கணுக்காலுக்கு மேலே காப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு வந்து நிற்பார். அந்தப் பயணத்தில் 35 ஆட்டங்களில் ஒன்றில்தான் தோல்வி, கார்டிஃப்பில் வேல்ஸிடம் 0-3. நியூசிலாந்து வீரர் பாப் டீன்ஸ் எல்லைக்கோட்டில் பந்தை வைத்துவிட்டார், நடுவர்தான் புள்ளி தரவில்லை என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் கேலஹர் வேல்ஸின் வெற்றியை அப்போதே ஒத்துக்கொண்டார்.

1917 அக்டோபர் 4, பெல்ஜியத்தின் கிராவென்ஸ்டாஃபெல் மேட்டில் தாக்குதல் நடந்தபோது குண்டுச் சிதறல் ஒன்று அவருடைய ஹெல்மெட்டைத் துளைத்தது. அன்றே இறந்தார். அடுத்த ஏப்ரலில் இன்னொரு தம்பி ஹென்றியும் போரில் இறந்தார். ஹென்றியோடு இரட்டையராகப் பிறந்த சார்லஸ், துருக்கியின் கலிப்போலியில் நடந்த சண்டையில் படுகாயம் பட்டும் பிழைத்துக்கொண்டார்.