லத்திக்குப் பதில் ஸ்பிரே?

கேள்வி: லத்தியால் அடிப்பதற்குப் பதிலாக எல்லா போலீஸாருக்கும் பெப்பர் ஸ்பிரே கொடுத்துவிட்டால் என்ன? எலும்பாவது முறியாதே!
- வாசகி, தென்காசி

பதில்: எலும்பு முறியாது, சரிதான். ஆனால் மிளகாய் வற்றல் வறுத்தால் தெருவே இருமுகிறதே, அந்தக் காரத்தை எண்ணெயாக இறக்கிக் கண்ணில் அடிப்பதுதான் இது. தண்ணீரில் கரையாது, சட்டென்று கழுவித் தப்ப முடியாது. ஆஸ்துமாக்காரர் மாட்டினால் பாடு இன்னும் மோசம்.

கத்தியோடு பாய்கிறவனை நிறுத்தக் கொடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். கைக்குச் சுலபமாக இருக்கிறதே என்று கண்டவர் மீதும் அடிப்பார்களே, அதுதான் என் பயம். 2011 நவம்பரில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கைகோத்துத் தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தில், ஒரு அதிகாரி சாவகாசமாக நடந்துகொண்டே ஆரஞ்சு நிறத்தில் பீய்ச்சினார். அந்தப் பெரிய டப்பாவை வைத்திருக்கவே அந்த வளாக போலீஸுக்கு அனுமதி இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. வழக்குப் போட்ட 21 பேருக்குத் தலைக்கு 30,000 டாலர் கொடுத்து சமாதானம் செய்துகொண்டார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை: அடித்த அதிகாரிக்கு மன உளைச்சலுக்காக 38,000 டாலருக்கு மேல் நஷ்டஈடு!

அது இருக்கட்டும். ஸ்பிரேயைக் கொடுத்தால் லத்தியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களா? அதையும் கேட்டுச் சொல்லுங்கள், அம்மா.